மர டிராகனின் மணி

என் கடைக்கு நேர் எதிரே ஸப்ரியானின் கடை. அவன் வாசலில் ஒரு பித்தளை மணி தொங்கியது. காற்று வீசினால் அடிக்கும், யாராவது கதவைத் திறந்தால் அடிக்கும், ஒன்றுமே நடக்காதபோதும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அடிக்கும். எங்கள் ஊர் கோர்னிச்சாவில் ஒரு தெருவுக்கு ஒரு மணிதான். எங்கள் தெருவில் டிராகனுக்குச் சேணம் தைக்கிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். மணி அவனிடம் இருந்தது, என்னிடம் இல்லை. என் வாழ்க்கையில் இதைத் தவிர வேறு குறை கிடையாது. இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

மணியைக் கொடுப்பது சேணச் சபை. திராட்சை அறுவடை முடிந்ததும் சபை கூடும். எல்லாரும் ஆளுக்கொரு புதுச் சேணத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மணி கிடைத்தவனை அதற்குப் பிறகு யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மணிக்காரரே' என்பார்கள். ரொட்டிக் கடையில் வழி விடுவார்கள். சபை விருந்தில் அவனுக்கு ஆட்டு விலா, மற்றவர்களுக்கு பீன்ஸ் சூப். ஸப்ரியானும் நானும் ஒரே பட்டறையில் தொழில் கற்றவர்கள். அப்போது அவன் வாங்கிப் போன என் குத்தூசி இன்றுவரை திரும்பி வரவில்லை. அப்பேர்ப்பட்டவனை நான் மணிக்காரரே என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் தொண்டையில் மீன்முள் குத்தியது.

"அந்த மணியைப் பாக்குற நேரத்துக்கு என்னைப் பாத்திருந்தா நமக்கு இன்னும் நாலு பிள்ளைங்க இருந்திருக்கும்" என்பாள் என் மனைவி நெவேனா.

எங்கள் தொழிலில் தோலைவிட முக்கியமானது சாம்பல். ஒரு டிராகனுக்கு அளவெடுத்த கையோடு இன்னொன்றிடம் போனால் கதை முடிந்தது. டிராகனுக்கு வேறொரு டிராகனின் வாசனை ஆகவே ஆகாது. கடிக்காது, நெருப்பும் கக்காது. நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விடும். அதற்கப்புறம் எத்தனை கெஞ்சினாலும் வராது. அதனால் ஒவ்வொரு டிராகனுக்கும் இடையில் சாம்பலும் வினிகரும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுவோம். என் கையில் தோல் நிற்பதே ஆச்சரியம்.

என் முற்றத்துக்கு வருகிற டிராகன்களில் பெரியவள் மொருனா. கணவாய் தாண்டித் தபால் கொண்டுபோகிறவள். ஒரு கொம்பு உடைந்திருக்கும். நெவேனா செய்கிற வெங்காயத்தாள் பணியாரம் என்றால் உயிர். நெருப்புப் பைக்குக் கீழே மார்வார், அதாவது நெஞ்சுப் பட்டை, கட்டும்போது விரல் நுழைகிற இடம் விடாவிட்டால் அவளுக்கு மூச்சுத் திணறும். அந்த இடத்தில் இரும்புக் கொக்கி வைத்தால் சூடேறிப் பொசுங்கிவிடும், கொம்புக் கொக்கிதான் வைக்க வேண்டும். இதெல்லாம் அவள் சொல்லாமலே எனக்குத் தெரியும். நான் கட்டி முடித்ததும் தாடையை என் தோளில் ஒரு நிமிஷம் வைத்து எடுப்பாள். தோள் இறங்கிப் போகும். அந்த நேரத்திலும் நான் எதிர்வீட்டு மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொருனா முன்பு ஸப்ரியானிடம்தான் போய்க்கொண்டிருந்தாள். அவன் வாசலில் மணி ஏறிய வாரமே அவளும் மற்ற டிராகன்களும் என்னிடம் வந்துவிட்டார்கள். எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். மணி வந்த திமிர். இனிமேல் சாணி அள்ளுவானா அவன், டிராகன்களை விரட்டிவிட்டான். அவன் கழித்துப் போட்டதைத்தான் நான் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று மனசு வெந்தது.

முதல் வருஷம் நான் சபைக்குக் கொண்டுபோனது மொருனாவுக்கு அளவெடுத்துத் தைத்த சேணம். கருவேலப் பட்டையில் பதனிட்ட எருமைத் தோல், இரட்டை ஊசித் தையல். சபைத் தலைவர் கவ்ரயில் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார்.

"இதுல டிராகன் வாசனை அடிக்குதே?"

டிராகனுக்குத் தைத்தது என்றேன். யாரோ நாற்காலியை என் பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டார்கள். தலைவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"அன்பர்களே, இவர் சேணம் தைக்கும்போது டிராகனைப் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு நில்லாமல் தொட்டும் இருக்கிறார். உயிருள்ள டிராகன் பெருக்கும், இளைக்கும், தும்மும், கோபித்துக்கொள்ளும். அதை வைத்து ஒரு சேணம் நல்லதா கெட்டதா என்று எப்படி முடிவு செய்வது? இதோ நம் மர டிராகன். என் பாட்டனார் காலத்திலிருந்து ஒரு விரற்கடைகூட மாறவில்லை. நேர்மை என்றால் இது. வாய்ப்பளித்தால் உயிருள்ள டிராகன்களையும் இதன் அளவுக்குத் திருத்திவிடலாம் என்பது சபையின் நெடுநாள் கருத்து."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் உட்கார்ந்திருந்தால் தனியாகத் தெரிந்திருப்பேன்.

மர டிராகனைச் செதுக்கிய தச்சன் சமவெளிக்காரன். டிராகனைப் பார்த்ததே இல்லை, வாத்து நிறையப் பார்த்திருக்கிறான். அதனால் அதற்கு வாத்துக் கழுத்து, வாத்து மார்பு. கழுத்தில் ஆதிகாலத்துப் பெரிய மணி ஒன்று தொங்கும். சிறகுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் காதுக்குக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டான். பின்னங்கால் ஒன்று உளுத்துப் போனபோது விருந்து மேசையின் காலைக் கழற்றிப் பொருத்தினார்கள். விருந்து மேசை அன்றிலிருந்து சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஊரில் டிராகன்களுக்கு இருக்கிற பொறாமை மரத்துக்கும் இருக்கத்தானே வேண்டும் என்று அதற்கும் ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். சேணம் பூட்டுவதற்கு முன் மண்டியிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உன்னைத் தவிர வேறு யாரையும் நான் தொட்டதில்லை" என்று சொல்ல வேண்டும். பொய் சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மரத்திடம்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

எண்ணெய் அதிகாரி என்று ஓர் அம்மாள் இருக்கிறார், பரஸ்கேவா. வால்நட் எண்ணெயில் பன்னீரைக் கலந்து நாள் தவறாமல் அந்த மரத்துக்குத் தடவுவது அவர் வேலை. தலைமுறை தலைமுறையாகத் தடவியதில் அது நனைந்த ரொட்டி மாதிரி ஊறிக் கிடக்கிறது. கட்டிக்கொண்ட வாசனை என் மேல் அப்பிக்கொண்டது. வீடு திரும்பியபோது மொருனா என்னை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாம்பலும் வினிகரும் தீரத் தீரத் தேய்த்துக் கெஞ்சிக் கூத்தாடித்தான் சமாதானம் ஆனாள். இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். மணி நினைப்பில் யோசிக்கவில்லை.

அடுத்த வருஷம் வாசனை இல்லாமல் கொண்டுபோனேன். மேசைக்காலுக்கு வளையம் வைக்கவில்லை என்று தள்ளிவிட்டார்கள். டிராகனுக்கு மேசைக்கால் கிடையாதே என்றேன். "அது டிராகனோட குறை" என்றார் பரஸ்கேவா.

இரண்டு வருஷமும் என் பெயரை முன்மொழிந்தவன் ஸப்ரியான். சபையில் அப்படி ஒரு வழக்கம்: மணிக்காரர் தன் தெருவில் தன்னைவிடத் தகுதியானவர் யார் என்று சொல்ல வேண்டும், அவருடைய சேணம் தேறினால் மணி அவருக்குப் போகும். என்னைத் தோற்கடித்து வேடிக்கை பார்க்கத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் எந்த டிராகனையும் நினைக்காமல் தைத்தேன். மர டிராகனைத் தொட்டு அளக்கக் கூடாது என்பதால், கட்டிக்கொண்டபோது என் கை எங்கே எட்டியது என்ற ஞாபகத்தை வைத்தே வெட்டினேன். கழுத்துப் பட்டை நீளமாக, மார்வார் குட்டையாக, சிறகுத் துளை இரண்டும் காதோரம், கடைசியில் மேசைக்கால் வளையம். நெவேனா அதைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"யாருக்குய்யா இது, வாத்துக்கா?"

"சபைக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வருஷம் ஸப்ரியான் பேசியது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. எழுந்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"தலைவரே, நான் மறைக்க விரும்பல. எனக்கு இவன் மேல பொறாமை. காலைல ஜன்னலைத் திறந்தா இவன் முற்றத்துல ஒரு டிராகன் உக்காந்திருக்கு. அதோட நெஞ்சுல சாஞ்சுக்கிட்டு இவன் வார் கட்டுறான். பாத்தா எனக்குச் சாப்பாடு இறங்கல. இந்த மணி இவனுக்குத்தான் போகணும். இன்னைக்கே போகணும். சபை அனுமதிச்சா நானே கழட்டிட்டு வந்து மாட்டிவிடுறேன்."

மண்டபம் உருகிவிட்டது. என் சேணத்தை மர டிராகன் மேல் பூட்டிப் பார்த்தார்கள். இடது சிறகுக்குக் கீழே கொஞ்சம் மடிந்து தொங்கியது. அலங்கார மடிப்பு என்று பரஸ்கேவா குறித்துக்கொண்டார். தலைவர் கவ்ரயில் என் தோளில் கை வைத்தார்.

"நம் சபையின் வரலாற்றில் எந்த மணிக்காரரும் மணியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டதில்லை. ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுக்காரரைத்தான் முன்மொழிந்திருக்கிறார்கள். சிலர் அழுதுகொண்டே முன்மொழிந்திருக்கிறார்கள். சகோதர பாசத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?"

எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜெயித்த சந்தோஷத்தில் வந்தது, ஸப்ரியானுக்காக இல்லை.

மணியைக் கழற்றி மர டிராகனின் கழுத்தில் ஓர் இரவு கட்டி வைத்து, எண்ணெய் சொட்டச் சொட்ட எடுத்து வந்து, மேளம் கொட்டி என் வாசலில் மாட்டினார்கள். வாரம் ஒருமுறை பரஸ்கேவா வந்து எண்ணெய் தடவிவிட்டுப் போவார் என்றார்கள். மணியைக் கழற்றினாலும் அசிங்கப்படுத்தினாலும் ஊசியையும் நூலையும் பறிமுதல் செய்து கடையை மூடிவிடுவார்கள் என்பதையும் அப்போதே படித்துக் காட்டினார்கள். கேட்கிற நிலையில் நான் இல்லை. கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ரொட்டிக் கடையில், வாங்க மணிக்காரரே என்று வழி விட்டார்கள். ரொட்டி தேவைப்படாத நேரத்திலும் போய் வந்தேன். ஒன்று மட்டும் உறுத்தியது. எதிரே ஸப்ரியான் ஜன்னலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். ஒருவன் தோற்றால் தோற்ற மாதிரி இருக்க வேண்டாமா? முற்றத்தைக் கூட்டிப் பெருக்கி, பீப்பாய் நிறையச் சாம்பல் வாங்கி வைத்திருந்தான். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் மொருனா வந்தாள். மேலே அவளை ஓட்டுகிற பெண் ரூஷா. குளிர்காலத்துக்கு முன் வயிற்றுப் பட்டையைத் தளர்த்தித் தைக்க வேண்டும். நான் முழங்கை வரை கழுவிக்கொண்டு காத்திருந்தேன். மொருனா இறங்கினாள், மூக்கைத் தூக்கினாள், வாசலில் இருந்த மணியிடம் போனாள். மோந்தாள். மறுபடியும் மோந்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வால்நட் எண்ணெயும் பன்னீரும் அவள் மூக்குக்கு இன்னொரு டிராகனின் உடம்பு வாசனை. என் வாசலில் அதன் மணி தொங்குகிறது. இந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள் என்று எழுதி ஒட்டியதற்குச் சமம்.

"நானா இருந்தாலும் இப்படித்தான் பாத்திருப்பேன்" என்றாள் நெவேனா.

"மொருனா, அது மரம்" என்றேன். "வெறும் மரம். காலு மேசைக்காலு."

அவள் கேட்கவில்லை. ஒரே எழும்பு, தெருவைத் தாண்டி ஸப்ரியானின் முற்றத்தில் போய் இறங்கினாள். அவன் சாம்பல் பூசிய கையோடு தயாராக நின்றான். பக்கத்தில் ஒரு தட்டில் வெங்காயத்தாள் பணியாரம். அவன் மனைவி செய்தது, ஓரம் கருகியிருந்தது. மொருனா அதையும் தின்றாள். ரூஷா அவள் மேல் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, "நான் என்ன அண்ணே பண்ணுவேன், இவ என் பேச்சைக் கேட்டு என்னைக்கு நடந்தா" என்றாள்.

அடுத்தடுத்த நாட்களில் எல்லா டிராகன்களும் எதிர்ப்பக்கம் போய்விட்டன. திமிரில் டிராகன்களை விரட்டினான் என்று நான் நினைத்தேனே, அந்த மூன்று வருஷமும் ஸப்ரியான் என் முற்றத்தைப் பார்த்துப் பார்த்து வெந்திருக்கிறான். இப்போது ஜன்னலில் உட்கார்ந்திருப்பது நான். மொருனா அவன் தோளில் தாடையை வைப்பதைப் பார்த்தேன். அவன் மார்வாரை ஒரு துளை இறுக்கமாகக் கட்டியிருந்தான். எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. எழுந்து போய்ச் சொல்லலாம் என்று வாசல்வரை போனேன். என் மேல் அடிக்கிற வாசனைக்கு அவள் பறந்துவிடுவாள் என்று திரும்பி வந்தேன். மணிக்கு ஆசைப்பட்டபோது என் வயிறு எரிந்தது உண்மை. அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று இப்போது தெரிந்தது.

மணியை வினிகரில் கழுவிப் பார்த்தேன். பச்சை பூத்தது. பரஸ்கேவா வந்து பார்த்துவிட்டு, ஐயோ மணி வாடிப் போயிருக்கே என்று இரட்டைப் பூச்சாகத் தடவிவிட்டுப் போனார். நெவேனா ஒரு யோசனை சொன்னாள். பரஸ்கேவா அந்தப் பக்கம் போனதும் மணியை முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயில் முக்கி வைத்தோம். அந்த நாற்றத்துக்கு எந்த வாசனையும் நிற்காது. ஆனால் அந்த அம்மாள் குடையை மறந்துவிட்டுப் போயிருந்தார், உடனே திரும்பி வந்தார். பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார். கடை போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

விசும்பல் சத்தம் கேட்டது. "மணிக்குச் சாப்பாடு வெச்சிருக்கீங்க" என்றார். "இத்தனை வருஷத்துல யாருக்கும் தோணலையே."

அந்த மாதமே சபை ஆணை போட்டது: எல்லா மணிக்காரர்களும் வாரம் ஒருமுறை மணிக்கு முட்டைக்கோஸ் படைத்து, அதன்பின் மூன்று பூச்சு எண்ணெய் தடவ வேண்டும். எனக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. மற்றத் தெரு மணிக்காரர்கள் என்னைப் பார்த்தால் கல்லெறியாத குறை.

கடைசியில் தலைவர் கவ்ரயிலைப் பார்க்கப் போனேன். அவர் வாசலிலும் மணி இருந்தது, எண்ணெய் வழிந்து படிக்கட்டெல்லாம் வழுக்கியது. உள்ளே பார்த்தால் முற்றத்தில் டிராகன் நின்ற அடையாளமே இல்லை. ரோஜாச் செடி வைத்திருந்தார். டிராகன் வருவது நின்றுவிட்டது என்று சொன்னேன். அவர் பெருமையாகத் தலையாட்டினார்.

"நான் மணிக்காரரானதிலிருந்து ஒரு டிராகனைக்கூடக் கிட்ட நின்னு பாத்ததில்ல. என் சேணம் அறுந்துச்சுன்னு ஒரு புகாராவது வந்திருக்கா? பெரிய மனுஷங்க வீட்டு வரவேற்பறைல எல்லாம் என் சேணம்தான் தொங்குது. அறுந்ததே இல்ல. டிராகன் போடுற சேணம்தான் அறுந்து போகும், மணிக்காரரே."

அப்போது பக்கத்து வீட்டு முற்றத்தில் ஏதோ கனமாக இறங்கியது. சிறகடித்த காற்றில் அவர் ரோஜாச் செடிகள் படுத்துக்கொண்டன. தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு வேலி இடுக்கில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"அவன்கிட்ட எத்தனை வருது பாரு" என்றார். குரலே மாறிவிட்டது. "வருஷா வருஷம் அவன் பேரைத்தான் முன்மொழியறேன். எப்படியாவது மணியைக் கட்டிவிட்டுடலாம்னு பாக்குறேன். படுபாவி, வேணும்னே மேசைக்கால் வளையம் வைக்காம வர்றான்யா."

நான் அவரையே பார்த்தேன். அவர் சட்டென்று நிமிர்ந்து, தகுதியுள்ளவரைக் கௌரவிக்க வேண்டுமே என்ற கவலைதான் என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த ஊரில் யாரும் யாரையும் மணி கொடுத்துக் கௌரவித்ததில்லை. யாரைப் பார்த்தால் சாப்பாடு இறங்கவில்லையோ அவன் கழுத்தில் கட்டிவிட்டிருக்கிறார்கள். கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஒரு யோசனை.

"தலைவரே, வளையம் இல்லாத சேணத்துக்கு சபையே வளையம் தைச்சுக் குடுத்துடலாமே" என்றேன். "ஒரு சின்ன வளையத்துக்காகத் திறமைசாலிங்க ஒதுங்கிப் போறது பாவம் இல்லையா?"

கவ்ரயில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் உடம்பிலும் பன்னீர் வாசனைதான்.

சபை கூடியபோது புது விதி நிறைவேறிவிட்டது. தலைவரின் பக்கத்து வீட்டுக்காரர் வளையம் இல்லாமல் வந்தார். மேடையிலேயே வளையம் தைத்து, தேறியதாக அறிவித்துவிட்டார்கள். மயங்கி விழப் போனவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். உணர்ச்சிப் பெருக்கு என்றார் தலைவர். அன்று அவர் முகத்தில் இருந்த அருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் முறை வந்தது. எழுந்து தொப்பியைக் கழற்றினேன். ஸப்ரியான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். "வேணாம்டா ஸ்தமென்" என்று என் பெயரைச் சொல்லி உதடு அசைந்தது. நான் பார்க்காத மாதிரி பேசினேன். அவன் போன வருஷம் பேசியதையே பேசினேன், அதைவிட நன்றாகப் பேச எனக்கு எதுவும் வரவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் இவன் முற்றத்தில் மொருனா உட்கார்ந்திருக்கிறாள் என்ற இடத்தில் மட்டும் நான் நடிக்கவில்லை.

ஆனால் ஸப்ரியான் தயாராக வந்திருந்தான். வளையத்தை விட்டால் தைத்துவிடுவார்கள் என்று அவன் காதுக்கு எட்டியிருந்தது. அதனால் உலகத்திலேயே கேவலமான சேணம் ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்திருந்தான். மார்வாரை வால் பட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தான். சிறகுத் துளை ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று முன்னால், ஒன்று பின்னால். வயிற்றுப் பட்டை ஒரு முனையில் கிழிந்து தொங்கியது. தையல் குடிகாரன் நடந்த மாதிரி போயிருந்தது. அவன் கை நல்ல கை. இப்படிக் கெடுப்பதற்கு அவன் எத்தனை பாடுபட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். இதை எந்தச் சபையும் தேற்றாது. நான் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு வருஷம் ஜன்னலோரம் கழியப் போகிறது. மொருனாவின் மார்வாரை அவன் இன்னொரு வருஷம் இறுக்கமாகக் கட்டப் போகிறான்.

பூட்டினார்கள். முதலில் பரஸ்கேவாவின் கை நின்றது. பிறகு தலைவர் எழுந்து வந்தார்.

கழுத்துப் பட்டை கழுத்தில் உட்கார்ந்தது. தச்சன் ஒரு சிறகைக் கொஞ்சம் பெரிதாக முன்னாலும் ஒன்றைக் கொஞ்சம் சிறிதாகப் பின்னாலும் வைத்திருந்ததை இத்தனை காலம் யாரும் கவனித்ததில்லை. இரண்டு துளையும் இரண்டு சிறகிலும் அளவெடுத்த மாதிரி ஏறின. கிழிந்து தொங்கிய வயிற்றுப் பட்டை சரிந்து போய் மேசைக்காலில் தானாக மாட்டிக்கொண்டது. ஓர் இடத்தில்கூட மடிப்பு இல்லை, இழுப்பு இல்லை. அந்த மரம் பிறந்ததே இந்தச் சேணத்துக்காகத்தான் போலிருந்தது.

தலைவர் மர டிராகனை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு பேசினார்.

"அன்பர்களே, சபை தோன்றிய நாளிலிருந்து எந்தச் சேணமும் நம் டிராகனுக்குப் பொருந்தியதில்லை. பொருந்தாது என்பது எங்களுக்குத் தெரியும். பொருந்தாததில் எது பரவாயில்லை என்றுதான் இத்தனை காலமும் தீர்ப்பு சொல்லி வந்தோம். இன்று ஒன்று பொருந்திவிட்டது. இதற்கு ஒரு சாதாரண மணி போதாது."

மர டிராகனின் கழுத்திலேயே ஆதியிலிருந்து தொங்குகிற பெரிய மணியைக் கழற்றச் சொன்னார். அப்படி ஒன்று இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதை யாருக்கும் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஸப்ரியான் கையெடுத்துக் கும்பிட்டு, தைத்தது தப்பு, வேண்டுமென்றே கெடுத்தேன் என்று கதறினான். என்ன அடக்கம் பாருங்கள் என்றார் தலைவர். ஆட்டு விலா மொத்தத்தையும் அவனுக்கே வைத்தார்கள். அவன் தொடவில்லை.

என் வாசல் மணியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். எதிர் வாசலில் பெரிய மணியை மாட்ட இரண்டு ஆள் ஏணி பிடிக்க வேண்டியிருந்தது. பீப்பாய் அளவு மணி. அடித்தால் எங்கள் வீட்டு ஜாடிகள் அதிர்ந்தன. அதன் மேல் வழிந்த எண்ணெய் ஒரு தலைமுறைக்குக் காயாது.

நான் வாசல் கல்லையும் கதவையும் நிலையையும் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். சட்டையை எரித்தேன். தலைமுடியைக்கூட ஒட்ட வெட்டிக்கொண்டேன். முதல் பனி விழுவதற்குள் மொருனா எதிர் முற்றத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, பெரிய மணியை மோந்துவிட்டு, தும்மிவிட்டு, என் முற்றத்தில் வந்து இறங்கினாள். நெவேனா பணியாரத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் மார்வாரை ஒரு துளை தளர்த்தினேன். மொருனா நீளமாக மூச்சு விட்டாள். தாடையை என் தோளில் வைத்தாள். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அன்று மாலை வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வயிற்றுப் பட்டை தைக்க நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். எதிரே வெயில் சாய்ந்து பெரிய மணியின் மேல் விழுந்தது. ஆதிகால மணி. யாருக்குமே கொடுத்திராத மணி. என் வாசலில் தொங்கியது இதன் குட்டி மாதிரி இருந்திருக்கும். ரொட்டிக் கடையில் இப்போது ஸப்ரியானை 'பெருமணிக்காரரே' என்று கூப்பிடுகிறார்களாம். அவன் கடைக்குள் இல்லை. தெருவில் யாரும் இல்லை. நான் தெருவைத் தாண்டினது எதற்கு என்று கேட்டால் ஒரு துக்கம் விசாரிக்கத்தான் என்று சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்தபோது மொருனா தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன். மூக்கு ஒரு தடவை விரிந்தது. கண்ணைத் திறந்து என் வலது கையைப் பார்த்தாள். நெவேனாவும் பார்த்தாள். விரல்களெல்லாம் எண்ணெய்ப் பளபளப்பு.

மொருனா எழுந்து கூரை மேல் ஏறி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஓடுகள் நாலைந்து சரிந்து விழுந்தன. "உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா" என்றாள் முற்றத்தில் காத்திருந்த ரூஷா. யாரைச் சேர்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. நெவேனா சாம்பல் வாளியை என் முன்னால் வைத்தாள்.

தேய்க்கிற சத்தம் எதிர்ப்பக்கம் கேட்டிருக்க வேண்டும். ஸப்ரியான் வந்து ஜன்னலைத் திறந்தான். கூரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தன் மணியில் பதிந்திருந்த கைத்தடத்தைப் பார்த்தான்.

"ஏன்டா அதைத் தொட்ட?"

"எவ்வளவு கனம்னு பாத்தேன்."

அவன் மறுபடியும் மணியைப் பார்த்தான்.

"கனமாத்தான் இருக்கு" என்றான்.

அவன் குரலில் பெருமை இருந்தது. நான் இன்னொரு பிடி சாம்பலை அள்ளினேன்.